6 மாதம், 75 ஆண்டு: தூண்டில் உரிமத்துக்கு யார் உள்ளூர்க்காரர்?

பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த ஒருவர் டெக்சஸ் மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாளில் அங்குள்ள ஏரி ஒன்றில் தூண்டில் போட ஆசைப்படுகிறார். லைசென்ஸ் வாங்கப் போனால் அவரிடம் முதலில் கேட்கப்படுவது, இந்த மாநிலத்தில் எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறீர்கள் என்பதுதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பு 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வசித்திருந்தால் அவர் டெக்சஸ்காரர். இல்லாவிட்டால் வெளியார். நன்னீர் மீன்பிடிக்கு அண்மை ஆண்டுகளில் உள்ளூர்க்காரர் கட்டியது 30 டாலர், வெளியார் கட்டியது 58 டாலர். வீட்டு மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு போன்றவை வசிப்புக்குச் சான்று. கையில் இந்திய பாஸ்போர்ட் இருப்பது இந்தக் கணக்கில் குறுக்கே வருவதில்லை.

கலிஃபோர்னியாவிலும் அளவுகோல் 6 மாதம்தான். கனடாவின் ஒன்ராறியோவில் சொந்த வீடோ வாடகை வீடோ முதன்மை வசிப்பிடம் அந்த மாகாணத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 6 மாதமாவது தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஸ்கார்பரோவில் வாழும் ஈழத் தமிழர் இந்த விதிப்படி ஒன்ராறியோக்காரர். கியூபெக்கிலிருந்து போன மாதம் வந்தவர், பிறவிக் கனடியராகவே இருந்தாலும், அவருக்கு அடுத்த படியில்தான் நிற்கிறார். இங்கிலாந்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே 13 வயது நிரம்பிய எவருக்கும் தூண்டில் உரிமம் வசிப்பிடத்தால் மாறுவதில்லை. எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இனி அதே ஆஸ்டின் டவுனுக்கு வருவோம். அங்கிருந்து கனகபுரா வழியாகத் தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமம். அதையொட்டி மேலும் கீழுமாக முத்தத்தி, பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகளி என்று நீளும் ஆற்றுப்பகுதி, மஹ்சீர் மீனுக்காக உலகெங்கும் உள்ள தூண்டில்காரர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்த இடம். இன்று அந்தப் பகுதியில் தூண்டில் போட பெங்களூர்க்காரருக்கும் உரிமம் கிடையாது, வெளிநாட்டவருக்கும் கிடையாது, கரையில் பரம்பரையாக வாழ்கிறவருக்கும் கிடையாது. காவிரி காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் எவரும் மீன் பிடிக்கக் கூடாது. இந்தத் தடை ஒருநாள் தளரும் என்ற பேச்சு தூண்டில்காரர்களிடம் ஓயவில்லை. தளரும்போது யாரை உள்ளூர்க்காரர் என்று எழுதப்போகிறோம்? இந்தக் கேள்விக்கு இப்போதே விடை தேடி வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. பிறகு அவசரத்தில் எழுதப்படும் விதியில் எப்போதும் வசதி உள்ளவர்களின் வசிப்பிடமே வசிப்பிடமாக எழுதப்படும்.

வசிப்பிடத்தைக் கொண்டு கட்டணத்தைப் பிரிப்பது நியாயமா என்ற வழக்கு அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. அங்கே அதிகம் பேசப்படுவது 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பால்ட்வின் வழக்கு. மான்டானா மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் 9 டாலர் கட்டினால் போதும். வெளி மாநிலத்தவர் 225 டாலர் கொடுத்துப் பல விலங்குகளுக்கான கூட்டு உரிமத்தையே வாங்க வேண்டும். 6 நீதிபதிகள் இதைச் சரி என்றார்கள், 3 பேர் மறுத்தார்கள். பெரும்பான்மையினர் சொன்ன காரணம் இரண்டு. பொழுதுபோக்கு வேட்டை யாருடைய பிழைப்பும் அல்ல, ஆகவே நாடு முழுவதும் சமமாகக் கிடைத்தே தீரவேண்டிய உரிமை அல்ல என்பது ஒன்று. அந்த விலங்குகளை ஆண்டு முழுவதும் காக்கும் செலவையும் சுமையையும் தாங்குகிறவர்கள் மாநிலத்தவர், ஆகவே அவர்களுக்குச் சலுகை தரலாம் என்பது மற்றொன்று.

முதல் காரணத்தின் மறுபக்கம் முப்பதாண்டுக்கு முன்பே, 1948 ஜூன் 7 அன்று, அதே நீதிமன்றத்தில் வெளிப்பட்டிருந்தது. அன்று ஒரே நாளில் மீன்பிடி உரிமம் பற்றிய இரண்டு தீர்ப்புகள் வந்தன. தென் கரோலினா தன் கடலில் இறால் பிடிக்கும் படகுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலரும் வெளி மாநிலத்தவரிடம் 2,500 டாலரும் வாங்கியது. அது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. நூறு மடங்குக் கட்டணம் என்பது கட்டணம் என்ற பெயரில் போடப்பட்ட தடை; பிழைப்புக்காக மீன் பிடிக்கிறவரை அப்படி விலக்கி வைக்க முடியாது.

மற்றது டக்கஹாஷி வழக்கு. இந்தக் கட்டுரைக்கு இதுவே மிக நெருக்கமானது. டோராவ் டக்கஹாஷி 1907 முதல் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானியர். 1915இலிருந்து உரிமத்தோடு கடலில் மீன் பிடித்துப் பிழைத்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டபோது அவரும் அகற்றப்பட்டார். அவர் அங்கே இல்லாத போர்க்காலத்திலேயே, ஜப்பானியருக்கு மீன்பிடி உரிமம் இல்லை என்று சட்டம் மாறியது. பிறகு அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, குடியுரிமை பெறத் தகுதியற்றவர்களுக்கு உரிமம் இல்லை என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். அக்காலச் சட்டப்படி ஜப்பானியர் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்பதால் விளைவு ஒன்றேதான்: திரும்பி வந்த அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. நாற்பதாண்டு அங்கே வாழ்ந்தவர் அவர். வசிப்பை அளவுகோலாக வைத்திருந்தால் எந்த அதிகாரியும் அவரை மறுத்திருக்க முடியாது. பிறப்பை அளவுகோலாக்கியதால்தான் மறுக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில் வாழும் தமிழருக்கு டக்கஹாஷியின் கதை தொலைவான கதை அல்ல. ஆஸ்டின் டவுனுக்கு இன்று அதிகாரப்பூர்வமான பெயர் கிட்டல் நகர். 1894இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டலின் பெயர். தெருவில் தமிழ், பலகையில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கைந்து தலைமுறையாக வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரி நீர்ப் பிரச்சினையில் நகரம் கலவரப்பட்டபோது, அவர்களின் குடியிருப்புக் காலத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மொழியைக் கேட்டே உள்ளூர், வெளியூர் என்று பிரித்தார்கள். அதே காவிரியில் நாளை ஒரு தூண்டில் உரிமம் வந்தால், அதில் 'கர்நாடகத்தவர்' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதப்படும் என்பது அவர்களுக்கு வெறும் சட்ட நுணுக்கம் ஆகாது.

இந்தியச் சட்டம் இங்கே என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வசிப்பிடம் இல்லை. 1955இல் டி.பி. ஜோஷி வழக்கில் இந்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத மாநிலத்தவருக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, வெளியாருக்கு உண்டு. டெல்லியில் வசித்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு. வசிப்பை வைத்துக் கட்டணத்தைப் பிரிப்பது பிறப்பை வைத்துப் பாகுபடுத்துவது ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். அதன் பின் மருத்துவக் கல்லூரி இடங்கள் குறித்து எத்தனையோ வழக்குகள் வந்து, 2025 ஜனவரியில் முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்பது வரை வந்திருக்கிறது. ஆனால் பிறப்புக்கும் வசிப்புக்கும் இடையே ஜோஷி வழக்கு போட்ட கோடு அழியவில்லை. மீன்பிடி மாநிலப் பட்டியலில் 21ஆம் இனம். ஆகவே கர்நாடகம் தன் ஆற்றில் வசிப்பை வைத்துத் தூண்டில் கட்டணத்தைப் பிரிக்கலாம். பிறப்பை வைத்துப் பிரிக்க முடியாது. ஆஸ்டின் டவுன் தமிழருக்கு இது காகிதத்திலாவது உறுதியான பாதுகாப்பு.

வசிப்பு என்றால் என்ன என்பதற்கும் நம்மிடம் விளக்கங்கள் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் முந்தைய 12 மாதத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவரை வசிப்பவர் என்கிறது. ஒன்ராறியோவின் 6 மாதத்துக்கு ஏறத்தாழச் சமம். அதே சட்டம், ஆதார் எண் குடியுரிமைக்கோ நிலைத்த வசிப்பிடத்துக்கோ சான்றாகாது என்றும் சொல்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்காளர் பட்டியலுக்கு 'சாதாரணமாக வசிப்பவர்' என்ற அளவை வைத்து, ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டுமே ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கனகபுரா சாலையில் பண்ணை வீடு வாங்கிப் போட்டு வார இறுதியில் மட்டும் வருகிறவர்களை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு வரி எவ்வளவு பயனுள்ளது என்பது புரியும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடுமையான வசிப்பிட விதி ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அது மீனைப் பற்றியது என்பதைத் தூண்டில்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் சமூக உரிமைகளில் ஒன்றாக நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருள்களையும் பயன்படுத்தும் உரிமையைச் சேர்த்திருக்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வசித்து அதை நம்பி வாழ்பவர்களாக இருக்க வேண்டும். பழங்குடிப் பட்டியலில் இல்லாத பிற வனவாசிகள், அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறையாக அங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது. ஆக, 75 ஆண்டு. காவிரிக் கரையின் மீனவச் சமூகத்தார் பலர் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள். டெக்சஸில் விளையாட்டுக்காகத் தூண்டில் போட 6 மாத வசிப்புச் சான்று போதும். சங்கமத்துக்கு அருகே பிழைப்புக்காக வலை போடும் உரிமையைக் கேட்க மூன்று தலைமுறைச் சான்று வேண்டும். இரண்டும் வேறு வேறு வகைச் சட்டம், வேறு நோக்கம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, நம் நாட்டில் வசிப்பை நிரூபிக்கும் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. சோலிகப் பழங்குடியினர் பிளிகிரி ரங்கன் மலையில் 2011இல் சமூக வன உரிமை பெற்றது, புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்த முதல் நிகழ்வு. காவிரிக் கரையில் அதுபோல் பேசப்பட்ட நிகழ்வு இல்லை.

இந்தச் சுமை எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியவர் அவர். மஹ்சீரை இங்கிலாந்தின் சால்மனுக்கு மேலாக வைத்துப் பேசினார். அதே 1873இல் ஃபிரான்சிஸ் டே இந்திய நன்னீர் மீன்கள் பற்றி அரசுக்கு அறிக்கை தந்தார். இவர்களைப் போன்றவர்களின் கவலையிலிருந்து விளைந்ததுதான் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். தோட்டா போட்டு மீன் பிடிப்பதையும் நீரில் நஞ்சு கலப்பதையும் அது குற்றமாக்கியது; குறிப்பிட்ட நீர்நிலைகளில் எதைக் கொண்டு, எப்போது பிடிக்கலாம் என்று விதி வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. தோட்டா தடை அவசியமானது. ஒரு வெடியில் குஞ்சு முதல் தாய்மீன் வரை ஒரு மடுவே காலியாகும். ஆனால் அந்தக் காலத்து எழுத்துகளைப் படிக்கும்போது, கிராமத்தாரின் கூடும் அணையும் வலையும் எல்லாமே அழிவுக் கருவிகளாகவும், துரையின் தூண்டில் மட்டும் நாகரிகமாகவும் ஒரு வரிசை உருவாவதைக் காண முடிகிறது. அந்த வரிசை சுதந்திரத்துக்குப் பிறகும் கலையவில்லை.

மஹ்சீரின் புகழ் அன்றே உச்சத்தில் இருந்தது. மைசூரில் விலங்குகளைப் பதப்படுத்தும் தொழிலுக்குப் பேர்போன வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946இல் கபினியில் பிடித்த 120 பவுண்டு மீன் உலகச் சாதனையாகப் பதிவானது. நம் கணக்கில் 54 கிலோவுக்கு மேல். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பெருமீன்கள் போய்விட்டன என்றே பலரும் நினைத்தார்கள். 1977-78இல் டிரான்ஸ் வேர்ல்ட் ஃபிஷிங் டீம் என்ற பெயரில் வந்த மூன்று ஆங்கிலேயர்கள் காவிரியில் பெருமீன்களைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் உலகத்தின் பார்வை மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. பெங்களூரைச் சேர்ந்த வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா ஆற்றின் ஒரு பகுதியை மீன்வளத் துறையிடம் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகளி முகாம்களை நடத்தியது. பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும் என்பது விதி. வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டைதான் இரை. தோட்டா போட்டு மீன் பிடித்துவந்த கரையோர ஊர்க்காரர்கள் சிலர் காவலாளிகளாகவும் வழிகாட்டிகளாகவும் பரிசல்காரர்களாகவும் ஆனார்கள். ஆற்றின் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்தப் பருவத்தில் மீன் நிற்கும் என்று அறிந்தவர்கள் அவர்களே.

அந்த ஏற்பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காவல் இருந்தது, மீன் இருந்தது, சில குடும்பங்களுக்குக் கூலி இருந்தது. ஆனால் வசிப்பிடம் என்ற கேள்வியை அது எப்படிக் கையாண்டது? முகாம்களில் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம். சங்கத்தில் உறுப்பினருக்கு ஒரு வழி, மற்றவருக்கு ஒரு வழி. பாஸ்போர்ட்டும் உறுப்பினர் அட்டையும் பார்க்கப்பட்டன. ஆற்றின் கரையில் வீடு இருப்பது ஒரு தகுதியாக எண்ணப்படவில்லை. முத்தத்தியில் பிறந்தவர் பெங்களூர் கனவானின் பரிசலைத் தள்ளலாம்; தன் பெயரில் தூண்டில் உரிமம் வாங்கி, தன் பிள்ளைக்குத் தன் ஆற்றில் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்பது அந்த ஏற்பாட்டில் யோசிக்கப்படாத ஒன்று. மான்டானாவின் சட்டத்தை எவ்வளவு குறை சொன்னாலும், அங்கே 9 டாலர் கொடுத்தவர் அந்த மண்ணில் வாழும் மரம்வெட்டியும் மாடு மேய்ப்பவரும்தான். நம் காவிரியில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

2012ஆம் ஆண்டுவாக்கில் முகாம்களில் தூண்டில் நின்றது. 1987இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்துக்குள் எந்த உயிரையும் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்பது காரணம். பிடித்து விடுவதும் பிடிப்பதுதானா என்று வாதம் நடந்தது. சட்டத்தின் சொற்கள் தூண்டில்காரர் பக்கம் இல்லை. அட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் 2013இல் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், தூண்டில் சுற்றுலா தந்த காவலும் வருமானமும் மஹ்சீரைக் காக்க உதவின என்று வாதிட்டார்கள். அவர்களிடம் வலுவான ஒரு சான்று இருந்தது: முகாம் பதிவேடு. 1998 முதல் 2012 வரை கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் குறித்து வைத்த கணக்கின்படி, 23,620 மணி நேரத் தூண்டிலில் 6,161 மஹ்சீர்கள் பிடிபட்டு விடப்பட்டிருந்தன. பெரியது 46.8 கிலோ.

அந்தப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, யாரும் எதிர்பார்க்காத உண்மை வெளிவந்தது. எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருந்தது. ஆனால் கூடியது நீலத்துடுப்பு மஹ்சீர். புனே பக்கத்து லோனாவாலா பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகளை, காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் காவிரியில் விட்டதன் விளைவு. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர், உலகச் சாதனைக்குரிய அந்த மீன், அருகிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முறையான அறிவியல் பெயரே உறுதியாகாமல் இருந்தது. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி இனமும் காவிரியின் திமில் மஹ்சீரும் ஒன்றே என்பது 2018இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அது இன்று நம்பிக்கையோடு தேடப்படும் இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் மோயாறு.

ஒரு மீனினத்தின் வீழ்ச்சியை உலகுக்குச் சொன்னது தூண்டில்காரர்கள் குறித்த கணக்கு என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உரிமம் என்பது வசூல் சீட்டு மட்டும் அல்ல. யார், எங்கே, எத்தனை மணி நேரம், என்ன பிடித்தார்கள் என்பது எழுதப்படும்போது ஆற்றுக்கு ஒரு கணக்கேடு உண்டாகிறது. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாதனங்கள் மீது வாங்கும் 10 விழுக்காடு வரி மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அந்தப் பங்கில் 60 விழுக்காடு உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மிச்சம் நிலம், நீர்ப் பரப்பைப் பொறுத்தது. உரிமம் எண்ணப்படுகிறது, எண்ணப்பட்டதால் பணம் வருகிறது, அந்தப் பணம் மீனுக்கே போகிறது. இங்கே 2012க்குப் பிறகு அந்தப் பகுதியில் கணக்கேடும் நின்றது.

இனி பால்ட்வின் வழக்கின் இரண்டாவது காரணத்தை நம் ஆற்றில் வைத்துப் பார்ப்போம். ஆற்றைக் காக்கும் சுமையைத் தாங்குகிறவர்களுக்குச் சலுகை. காவிரியின் சுமையை யார் தாங்குகிறார்கள்? பெங்களூர் நகரம் 1974 முதல் காவிரி நீரைக் குடிக்கிறது. தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து மேட்டுக்கு ஏற்றி அனுப்பப்படும் அந்த நீர், மஹ்சீர் வாழும் பகுதிக்கு மேலே எடுக்கப்படுவது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டரைக் கூடுதலாக எடுக்கிறது. எடுப்பது இது, கொடுப்பது என்ன? நகரின் மேற்குப் பகுதிக் கழிவு விருஷபாவதியில் இறங்கி, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. பழைய தூண்டில் முகாம்களின் வாசலில் வந்து நிற்பது அந்த நீர். ஆஸ்டின் டவுனின் சாக்கடை வேறு பக்கம் பெல்லந்தூர் ஏரிக்குப் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது என்பதால் அந்தப் பேட்டை இந்தக் குற்றத்திலிருந்து தப்பித்துவிடாது. அதன் குழாயிலும் ஓடுவது காவிரிதான்.

ஆகவே பெங்களூர்க்காரருக்கு, தமிழரானாலும் கன்னடரானாலும், கர்நாடகத்தில் வசிக்கிறார் என்பதால் மட்டும் காவிரித் தூண்டிலில் சலுகைக் கட்டணம் தருவதற்கு நியாயம் இல்லை என்பது என் முடிவு. மாநில எல்லை இங்கே தவறான அளவு. கரைக்கும் நகரத்துக்கும் ஒரே மாநில முத்திரை குத்தினால், உரிமம் முழுவதும் நகரத்துக்கே போய்ச் சேரும். வசிப்பு என்பது ஆற்றங்கரை கிராமப் பஞ்சாயத்தின் அளவில் கணக்கிடப்பட வேண்டும். கர்நாடகத்தில் ஏரி, குளங்களைக் குத்தகைக்கு விடும்போது அந்தந்த வட்டார மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சங்கத்தின் எல்லைக்குள் வாழ்கிறவரே அதில் உறுப்பினர். பிழைப்பு மீன்பிடிக்குச் சரியாக இருக்கும் இந்த அளவைத் தூண்டிலுக்கும் கொண்டுவந்தால், கரைவாசிகளுக்குப் பெயரளவுக் கட்டணம், பெங்களூர்க்காரருக்கும் மைசூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் ஒரே முழுக் கட்டணம் என்று அமையும். முழுக் கட்டணத்தில் பெரும்பங்கு கரை கிராமங்களின் காவலுக்குப் போக வேண்டும். ஆஸ்டின் டவுன்காரர் ஒருவர் கூடுதலாகக் கட்டுவது, அவர் தமிழர் என்பதாலாக இருக்கக் கூடாது. அவர் குடிக்கும் நீருக்கு ஆற்றிடம் பட்ட கடனாக இருக்க வேண்டும்.

இதில் சிக்கலான இடம் எல்லை. பிலிகுண்டுலுவை ஒட்டிய பகுதியில் சுமார் 64 கிலோமீட்டர் தூரம் காவிரியே இரு மாநிலங்களின் எல்லையாக ஓடுகிறது. ஒரு கரையில் கர்நாடகச் சட்டம், எதிர்க்கரையில் தமிழ்நாட்டுச் சட்டம், நடுவில் மீன். 2022 நவம்பரில் தமிழ்நாடு தன் பக்கத்தில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவித்தது. காடு சேர்ந்தது, நல்லது. ஆனால் இரு கரையிலும் வலையோடு இறங்கும் மனிதர் யார் ஊர்க்காரர் என்பது இன்னமும் துப்பாக்கி முனையில் முடிவாகிறது. 2023 பிப்ரவரியில் மேட்டூருக்கு மேலுள்ள கோவிந்தப்பாடியைச் சேர்ந்த ஒருவர், கர்நாடக வனத்துறையினரின் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு பாலாற்றுப் பகுதியில் சடலமாக மீட்கப்பட்டார். வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மீனவர் என்றது ஊர். அன்று இரவு என்ன நடந்தது என்பது விசாரணைக்குரியது. இரு மாநிலக் கரைவாசிகளுக்கும் பெயரும் படமும் கொண்ட ஒரே பதிவேடு இருந்திருந்தால், ஆற்றில் நிற்கும் மனிதர் யார் என்ற கேள்விக்காவது விடை கையில் இருந்திருக்கும்.

அப்படி ஒரு பதிவேட்டில் வசிப்பை எப்படி நிரூபிப்பது? பெஸ்காம் மின் ரசீது, ரேஷன் கார்டு, தாசில்தார் தரும் வசிப்பிடச் சான்று ஆகியவை நகரத்தாருக்கு எளிது. ஆற்றுத் திட்டில் குடிசை போட்டு, நீர் ஏறும்போது மேட்டுக்கு நகரும் மீனவக் குடும்பத்துக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கிச் சான்றாக ஏற்கலாம் என்று அவை சொல்கின்றன. எந்த மடுவில் யாருடைய தாத்தா கூடு வைத்தார் என்று சொல்லும் கிழவரின் வாய்மொழி, அந்த விதிப்படி ஆவணம். சரணாலயத்துக்கு வெளியே உள்ள காவிரி, கபினி, ஷிம்ஷா பகுதிகளில் தூண்டில் உரிமத்துக்கு இதே சான்றை ஏற்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; 1996ஆம் ஆண்டின் கர்நாடக உள்நாட்டு மீன்வளச் சட்டம் மாநில அரசுக்குத் தரும் விதி வகுக்கும் அதிகாரமே போதும்.